எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா, எம்.டெக்.கா? யோசி மச்சி!

ஃபைனல் இயர் வந்தாலே கேன்டீனில் ஒரே கேள்விதான் சுத்தும்... 'அடுத்து என்னடா?' பிளேஸ்மென்ட் ஆர்டர் வாங்கினவன் கூலா டீ குடிப்பான். வாங்காதவன், 'மேல படிக்கப் போறேன் மச்சி' என்று கெத்தாகச் சொல்வான். அந்த ஒரு வரிக்கு விலை இரண்டு வருஷம். கூடவே அப்பாவின் பர்ஸ்! கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் போகிற ஐடியா இருந்தால், கொஞ்சம் இங்கே வாங்க ஃப்ரெண்ட்ஸ்.

புதுச்சேரி பசங்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் ஏறி இ.சி.ஆர். பக்கம் சுமார் பத்து கிலோமீட்டர் போனால் காலாப்பட்டு. 1985-ல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் வந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கேதான். எம்.எஸ்சி., எம்.சி.ஏ., எம்.டெக். மூன்றும் அங்கே உண்டு. டவுன் பசங்க வீட்டுச் சாப்பாட்டோடு போய் வரலாம். ஹாஸ்டல் செலவு மிச்சம். நம்ம பி.இ.சி.யும் 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஆகிவிட்டது. காரைக்காலில் 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. வேறு இருக்கு.

சரி, மூணுல எது? பி.சி.ஏ. முடிச்சவங்களுக்கும், பிளஸ் டூவிலோ டிகிரியிலோ மேத்ஸ் படிச்ச மற்றவங்களுக்கும் எம்.சி.ஏ. நல்ல ரூட். முன்பு மூணு வருஷம். 2020-21-லிருந்து ரெண்டே வருஷம். சாஃப்ட்வேர் வேலைதான் குறி என்றால் இது போதும். தியரி பிடிக்கும், ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜில் பாடம் எடுக்க ஆசை என்றால் எம்.எஸ்சி. ஆனால், லெக்சரர் ஆக டிகிரி மட்டும் போதாது. 55 சதவிகித மார்க்கும், கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேணும். என்னை மாதிரி இன்ஜினீயரிங் கேஸ்களுக்கு எம்.டெக். இன்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் அதுதான் கதவு.

ஒரு உண்மையை நேராகச் சொல்லிடறேன். சாதாரண கோடிங் வேலைக்குப் பல கம்பெனிகள் பி.இ.யையும் எம்.சி.ஏ.வையும் ஒரே டெஸ்ட்டில்தான் உட்கார வைக்கின்றன. அதனால் பி.இ. சி.எஸ். முடிச்சவன், வேலை கிடைக்கலையே என்று மட்டும் எம்.டெக். சேர்ந்தால், ரெண்டு வருஷம் கழிச்சு அதே க்யூவில் நிற்க வேண்டி வரலாம். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிச்ச பொண்ணுக்கு அதே ரெண்டு வருஷம் புதுசா ஒரு துறையையே திறந்து விடும். படிப்பு ஒண்ணுதான், ஆளைப் பொறுத்து கணக்கு மாறுது பாருங்க!

இப்போ தேதி மேட்டர். காலாப்பட்டில் எம்.எஸ்சி., எம்.சி.ஏ. சேர 2022-லிருந்து சி.யு.இ.டி. பி.ஜி. தேர்வு. எம்.டெக்.குக்கு முக்கியம் கேட். மொத்தம் 100 மார்க், மூணு மணி நேரம், பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட்-செப்டம்பரிலேயே முடிஞ்சுடும், உஷார்! தேர்ட் இயரிலேயே எழுதலாம். ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். கேட் ஸ்கோரோடு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உள்ள இடத்தில் ஃபுல் டைம் எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் லோன் போடத் தயங்குகிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. காலாப்பட்டில் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 சதவிகித ஒதுக்கீடு சில படிப்புகளில்தான். எல்லாவற்றிலும் வேணும் என்பது இந்த ஊரின் பல வருஷக் கோரிக்கை. 'நம்ம ஊருதானே, சீட் கிடைச்சுடும்' என்று அசால்ட்டா இருக்காம, நீங்க கேட்கிற கோர்ஸ் அந்த லிஸ்ட்டில் இருக்கா என்று ப்ராஸ்பெக்டஸைப் புரட்டிடுங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். மாஸ்டர்ஸில் பெரிய பகுதி ப்ராஜெக்ட்தான். எதில் ப்ராஜெக்ட் பண்ண ஆசை, அதை கைடு பண்ணுகிற பேராசிரியர் அந்தத் துறையில் இருக்காரா என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. பதில் வந்தால் தைரியமா அப்ளை பண்ணுங்க. பேப்பர் காலியா இருந்தால், ஒரு வருஷம் வேலை பார்த்துட்டுக்கூட வரலாம் பாஸ். காலாப்பட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது!