எஸ்றாவும் துயருற்ற பெண்ணும்: வெளிப்பாட்டு நூல்களைப் புனைவாக வாசித்தல்

ஆலங்குளம் போன்ற சிற்றூர்களில் ஊழியம் செய்யும் ஆயரிடம் வெளிப்படுத்தின விசேஷத்தைக் குறித்துக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும், "ஐயா, இவையெல்லாம் எப்பொழுது நிறைவேறும்?" என்பதே. இதற்கு ஆண்டுக் கணக்கால் விடை கூறியோர் நம் நாட்டிலும் இருந்தனர். வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் பணியாற்றிய நாள்களில், 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் தோன்றியது. அதன் தாக்கம் பின்னர் திருவிதாங்கூரையும் எட்டிற்று. அங்கு சி.எம்.எஸ். குருவாயிருந்த யுஸ்துஸ் யோசேப்பு, ஆறாண்டுகளில் ஆண்டவர் வருவார் என 1875இல் அறிவித்தார். 1881 வந்தது, எதிர்பார்த்த வருகை நிகழவில்லை. அவர்தம் பக்தியை நாம் குறைகூறவில்லை. ஆயினும், கையிலுள்ள நூல் எவ்வகையினது என்று கேளாமல் வாசிப்பதன் விளைவை இது காட்டுகிறது.

வெளிப்பாட்டு நூல்கள் பல, ஓர் எழுத்தாளரால் கதைமாந்தர், உரையாடல், காட்சி ஆகியவற்றைக் கொண்டு புனையப்பட்டவை. தள்ளுபடியாகமங்களுள் ஒன்றான நான்காம் எஸ்றா இதற்குச் சிறந்த சான்று. எருசலேம் அழிந்து முப்பது ஆண்டுகள் சென்றபின், பாபிலோனில் எஸ்றா புலம்புவதாக இந்நூல் தொடங்குகிறது. ஆனால் கி.மு. 587இல் நிகழ்ந்த அவ்வழிவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்டவரே வரலாற்று எஸ்றா. நூலாசிரியரோ, கி.பி. 70இல் உரோமர் எருசலேமை அழித்தபின், ஏறத்தாழ கி.பி. 100இல் எழுதியவர். தம் காலத்துத் துயரைப் பண்டைய எஸ்றாவின் வாயிலாகப் பேசுகிறார்.

இது பொய்யாகுமா? திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடினார். அவரைப் பொய்யர் என எவரும் கூறார். நாத்தான் தாவீதிடம் கூறிய ஆட்டுக்குட்டிக் கதையும் புனைவே. அதுவே அரசனின் உண்மை நிலையை வெளிப்படுத்திற்று. நம் ஆண்டவரின் உவமைகளும் அத்தகையனவே.

புனைவாக வாசிப்பதால் பெறும் பயன் யாது? நூலின் முற்பகுதியில் எஸ்றா, கடவுளின் நீதியைக் குறித்து ஊரியேல் தூதனோடு வழக்காடுகிறார். தூதனின் விடைகள் அவரைத் தேற்றவில்லை. பின்னர் வயல்வெளியில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறார். முப்பதாண்டு மலடியாயிருந்து பெற்ற ஒரே மகன், திருமண இரவில் மணவறைக்குள் சென்றதும் இறந்துபோனான். தானும் உண்ணாமல் அங்கேயே மடியப்போவதாக அவள் கூறுகிறாள். எஸ்றா முதலில் அவளைக் கடிந்துகொள்கிறார். பின்பு, கடவுளின் தீர்ப்பை நீதியென ஏற்றுக்கொண்டால் மகனைத் திரும்பப் பெறுவாய் என்கிறார். தூதன் சொன்னபோது தம்மைத் தேற்றாத நியாயத்தை, மற்றொருவரின் துயரின் முன் தாமே எடுத்துரைக்கிறார்! அப்பொழுது அவள் முகம் ஒளிர்கிறது. அவள் நின்ற இடத்தில் ஒரு நகரம் தோன்றுகிறது. அவளே சீயோன்.

அடுத்த காட்சியில் வரும் கழுகின் சிறகுகளை எண்ணி ஆண்டுகளைக் கணக்கிடுவோர் இதைக் காண்பதில்லை. மனம் மாறும் எஸ்றாவை ஒரு கதைமாந்தராகக் காண்பவருக்கே இது புலப்படும்.

வெளிப்படுத்தின விசேஷம் இதனின்று வேறுபடுவதையும் நாம் மறத்தலாகாது. யோவான் பழங்காலத்தவர் எவருடைய பெயரையும் பூணாமல், துன்பத்தில் உடன்பங்காளனாகத் தம் பெயராலேயே எழுதுகிறார். அவர் கண்ட தரிசனத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் ஏழு மலைகளின்மேல் அமர்ந்த பாபிலோன் உரோமையே என்பதை அவருடைய சபைகள் உணர்ந்திருக்கும். அவருடைய உருவகங்களும் கற்பனையோடு வாசிக்கப்பட வேண்டியவையே.

மகனை இழந்த தாயின் வீட்டுக்கு நாளை நம்முள் ஒருவர் செல்ல நேரிடலாம். அங்கு ஆண்டுக் கணக்குக்கு இடமில்லை. அழுத பெண் ஒளிர்ந்த நகரமான கதைக்கு இடமுண்டு. அதை உண்மையாகச் சொல்ல, அது கதை என்பதை நாம் முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.