உங்களுக்குத் தெரியுமா? ஓய்வுக்காலம்: திண்டுக்கல் கணக்கு

● பென்ஷன் என்றாலே வாத்தியார், தாலுகா ஆபீஸ், ரயில்வே என்றுதான் நம் ஊரில் பேச்சு. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்களில் பி.எஃப். பிடித்தம் உள்ள பெரும்பாலோருக்கும் பென்ஷன் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1995 நவம்பர் 16-இல் வந்த திட்டம் அது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம் அதற்குத்தான் போகிறது. 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பணம் வரும்.

எவ்வளவு வரும்? சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுங்கள். 20 ஆண்டைத் தாண்டியவருக்கு 2 ஆண்டு போனஸாகச் சேரும். 26 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 28 என்று வைத்து உச்சவரம்புச் சம்பளத்தில் போட்டால், அதிகபட்சம் 6,000 ரூபாய்.

● இந்தப் பென்ஷன் எங்கே கைநழுவுகிறது தெரியுமா? மில் மாறும்போதுதான். கல்யாணம், பிரசவம், அடுத்த மில்லில் நூறு ரூபாய் கூடுதல் கூலி என்று வேலையை விடுகிறார்கள். கூடவே பி.எஃப்.-ஐ மொத்தமாக எடுக்கும்போது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். கைக்கு வருவது சில ஆயிரம். அதுவரை சேர்ந்த சர்வீஸ் பூஜ்யமாகிவிடும். பணமாக எடுக்காமல் 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' கேட்டு வாங்கினால் பழைய மில் ஆண்டுகளும் புதிய மில் ஆண்டுகளும் ஒன்றாகக் கூடும். யு.ஏ.என். என்ற பி.எஃப். நிரந்தர எண் மாறாமலிருப்பது அதைவிட முக்கியம். மில்லுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

● இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் தொகை அப்படியே நிற்கும். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சம் 1,000 ரூபாய். அதனால் கிராஜுவிட்டியில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000, சர்வீஸ் 30 ஆண்டு என்றால் (15,000 × 15 ÷ 26 × 30) சுமார் 2,59,600 ரூபாய் வரும்.

இதைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டிக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5,300 ரூபாய். போட்ட நாளின் வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. 58-இல் ஓய்வு பெற்றவர் 60 வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓய்வுப் பணம் வந்த 3 மாதத்துக்குள் கணக்குத் தொடங்கலாம். ஒன்று மட்டும்: வட்டியை எடுக்காமல் விட்டுவைத்தால் அது குட்டி போடாது.

● ஆயுள் சான்றுக்கு இப்போது ஆட்டோ பிடித்து அலைய வேண்டியதில்லை. தபால்காரரே வீட்டுக்கு வந்து முடித்துக் கொடுப்பார். பேரன் கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் முகத்தைக் காட்டினாலே போதும், செலவில்லை. மத்திய அரசு ஓய்வூதியருக்கு மாதம் நவம்பர். மில் பென்ஷன்காரர் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

● டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள். பென்ஷன் என்பது அரசு பார்த்துப் போடும் தர்மமல்ல என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982-இல் தீர்ப்புச் சொன்ன தேதி அது.

● பூட்டுக்குப் புவிசார் குறியீடு (2019) வாங்கிய ஊர் நம்முடையது. வீட்டுப் பத்திரத்தைத்தான் நாம் பூட்டி வைப்பதில்லை. 60-வது கல்யாணம் முடிந்த கையோடு மகன் பேருக்கோ மகள் பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்! எழுதுவதானால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம், மேல்முறையீடு கலெக்டரிடம். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14567-க்குப் போன் போடுங்கள், முதியோருக்கான இலவச உதவி எண். என்னைக் கேட்டால், இரண்டு பேரும் இருக்கும்வரை வீடு உங்கள் பேரிலேயே இருக்கட்டும். உயில் எழுதினால் போதும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

● பணம் போட்டு மறந்துபோன பழைய வங்கிக் கணக்கு உண்டா? 10 ஆண்டு யாரும் தொடாத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். 2023-இல் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பேரைப் போட்டுத் தேடலாம், உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

● சரி, செலவழிக்கும் பக்கம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சின்னாளபட்டிக்குச் சேலை பார்க்கப் போனால் அம்மாவுக்கு இலவசம், ஐயாவுக்கு மட்டும்தான் டிக்கெட். வாரம் ஒருமுறை வெளியே கிளம்ப இதைவிட என்ன சாக்கு வேண்டும்?

1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய மலைக்கோட்டையில், வெயில் ஏறுமுன் முழங்கால் ஒத்துழைக்கும் உயரம்வரை போய் வரலாம். டிக்கெட் ஒரு பிளேட் பிரியாணியைவிட வெகு மலிவு. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். இலக்கியக் களம் அமைப்பு முன்னின்று நடத்தும் புத்தகத் திருவிழாவின் மாலைப் பேச்சுகளுக்குக் காசே வேண்டாம்.

● ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இன்னும் இருக்கிறது: ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது முதல். தனியாகவோ இருவராகவோ போனால்தான் பொருந்தும். ஆறு பேர் டிக்கெட்டை ஒன்றாகப் போட்டால் அந்த வசதி போச்சு.

● பழனி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மற்ற ஐந்து படைவீடுகளையும் பார்க்க ஆசையா? அறநிலையத் துறை 2024 முதல் அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. வருமானச் சான்றும் உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். வயது வரம்பு 60 முதல் 70 வரைதான், அதைத் தாண்டினால் இடமில்லை. ஆசை இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் அடுத்த அறிவிப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.