பிறருக்காக மன்றாடுவோம்



"எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்." நாம் ஒருவரையொருவர் சந்தித்துப் பிரியும்போது அடிக்கடி சொல்லும் சொற்கள் இவை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படும் மகன் தாயிடம் சொல்கிறான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகும் மாணவி அருட்சகோதரியிடம் சொல்கிறாள். அறுவை சிகிச்சைக்காகச் சேலத்திற்குச் செல்பவர் பங்குத்தந்தையிடம் சொல்கிறார். நாமும் "கட்டாயம் வேண்டிக்கொள்கிறேன்" என்று பதில் சொல்லிவிடுகிறோம்.

சொன்னபடி வேண்டுகிறோமா? வேண்டினால் உண்மையில் என்ன நடக்கிறது? கிறிஸ்தவ வாழ்வில் பிறருக்காக மன்றாடுவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இவற்றைச் சற்று சிந்தித்துப் பார்ப்போம்.

தமிழ் மண்ணின் மீதான ஏக்கத்தில் பிறந்த செப இயக்கம்

பிரான்ஸ் நாட்டில் லெ புய் நகருக்கு அருகே வால்ஸ் என்ற இடத்தில் இயேசு சபையின் குருத்துவக் கல்லூரி ஒன்று இருந்தது. 1837ஆம் ஆண்டு முதல் இயேசு சபையினர் மீண்டும் மதுரை மறைப்பணித்தளத்திற்கு வரத் தொடங்கியிருந்தனர். அவர்கள் இங்கிருந்து எழுதிய செய்திகள் வால்ஸ் மாணவர்களை எட்டின. வந்தவர்களில் பலர் காலராவாலும் கடும் உழைப்பாலும் இளம் வயதிலேயே இறந்துபோனார்கள் என்ற செய்தியும் எட்டியது. ஆனாலும் அந்த இளைஞர்களின் ஆர்வம் குறையவில்லை. 'நாங்கள் எப்போது புறப்படுவோம்?' என்ற தவிப்பில் அவர்களுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை.

அவர்களுடைய ஆன்ம வழிகாட்டி அருட்தந்தை பிரான்சுவா சவேரியார் கோத்ரலே. 1844 டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளன்று, அவர் அந்த மாணவர்களிடம் ஓர் எளிய உண்மையை எடுத்துச் சொன்னார். மறைப்பணியாளராவதற்குக் கப்பல் ஏறும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பையும் களைப்பையும் அன்றாடச் சிறு துன்பங்களையும் தொலைவில் உள்ள மக்களுக்காக இறைவனிடம் ஒப்புக்கொடுத்தால், இருக்கும் இடத்திலேயே, இன்றே மறைப்பணியாளர் ஆகலாம் என்றார். அந்த மாணவர்கள் அப்படியே செய்யத் தொடங்கினார்கள்.

'செபத்தின் திருத்தூதுப்பணி' என்ற உலகளாவிய இயக்கம் இப்படித்தான் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை 13ஆம் லியோவின் காலத்தில், திருத்தந்தையே மாதந்தோறும் ஒரு செபக்கருத்தைத் தரும் வழக்கம் இதில் இணைந்தது. 'திருத்தந்தையின் உலகளாவிய செப வலையமைப்பு' என்பது இதன் இன்றைய பெயர். 2016 சனவரி முதல் அந்த மாதக் கருத்து காணொளியாகவும் வெளிவருகிறது. இயேசுவின் திரு இருதய பக்தியோடு வளர்ந்த இயக்கம் இது. நம் தருமபுரி பேராலயமும் திரு இருதய ஆண்டவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

நம் முன்னோரின் முகத்தைக்கூடப் பார்த்திராத இளைஞர்கள் இந்தத் தமிழ் மண்ணுக்காக மன்றாடினார்கள். கோவிலூரிலும் பி. பள்ளிப்பட்டியிலும் மற்றக் கிராமங்களிலும் இன்று நாம் கொண்டிருக்கும் நம்பிக்கைக்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனை பேருடைய செபம் இருக்கிறதோ! 1930இல் சேலம் மறைமாவட்டமும், 1997இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டமும் உருவானதை நாம் அறிவோம். அதற்குப் பின்னால் இருந்த செபங்களைக் கணக்கிட்டவர் இறைவன் ஒருவரே.

தூரம் ஒரு தடை அல்ல

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 14 வயதுச் சிறுமியாக இருந்தபோது, மூன்று கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற பிரன்சீனி என்பவனைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவன் மனம் மாற மறுத்தான். அவனைத் தன் முதல் ஆன்மீகப் பிள்ளையாக ஏற்று தெரேசா விடாமல் மன்றாடினார். 1887 ஆகஸ்டு 31 அன்று தண்டனை நிறைவேற்றப்படும் கடைசி நொடியில் அவன் சிலுவையை வாங்கி முத்தமிட்டான் என்ற செய்தியை நாளிதழில் படித்து அவர் கண்ணீர் விட்டார்.

பின்னர் கார்மேல் மடத்தில், சீனாவுக்குச் சென்ற அருட்தந்தை ருலாந்துக்காகச் செபிக்கும் பொறுப்பு தெரேசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குருவானவர் பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சபையைச் சேர்ந்தவர். நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ஹென்றி புருனியேயும் அதே சபையைச் சேர்ந்தவரே. மடத்தைவிட்டு வெளியே போகாத தெரேசாவை, ஆசியாவெங்கும் நடந்து திரிந்த சவேரியாரோடு சேர்த்து, 1927இல் திருச்சபை மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவித்தது.

இன்னொருவர் பெல்ஜியம் நாட்டுப் பெண் ஜாக்குலின் தெ தெக்கர். இந்தியாவுக்கு வந்து ஏழைகளுக்குப் பணியாற்றியவர். அன்னை தெரேசாவோடு இணைய விரும்பினார். ஆனால் முதுகெலும்பு நோய் அவரைத் தாயகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அன்னை அவரைக் கைவிடவில்லை. 'உங்கள் வலியையும் செபத்தையும் எங்கள் பணிக்காக ஒப்புக்கொடுங்கள்' என்ற பொருளில் கடிதம் எழுதினார். ஒவ்வோர் அருட்சகோதரிக்காகவும் எங்கோ ஒரு நோயாளி செபிக்கும் முறை அதிலிருந்து உருவானது.

நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செபமாலை உருட்டும் பாட்டி, 'என்னால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை' என்று வருந்தினால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் திருச்சபையின் முன்னணிப் பணியாளர்!

விவிலியம் காட்டும் வழி

தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம், சோதோம் நகருக்காகக் கடவுளிடம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசுகிறார். அது அவருடைய ஊர் அல்ல. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களை மன்னியும், இல்லையேல் என் பெயரையும் உம் நூலிலிருந்து நீக்கிவிடும் என்று மோசே மன்றாடுகிறார் (விப 32). யோபு தம்மைக் குற்றம் சாட்டிய நண்பர்களுக்காக மன்றாடிய பிறகே அவரது பழைய வளம் திரும்பியது என்கிறது யோபு நூல் (யோபு 42:10).

புதிய ஏற்பாட்டில் நூற்றுவர் தலைவர் தம் ஊழியனுக்காகவும், கானானியப் பெண் தன் மகளுக்காகவும் இயேசுவிடம் வருகிறார்கள். கப்பர்நாகுமில் நால்வர் ஒரு முடக்குவாதமுற்றவரைச் சுமந்துவந்து, கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று மாற்கு குறிப்பிடுகிறார் (மாற் 2:5). சுமந்தவர்களின் நம்பிக்கையையும் ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். பரிந்துரை செபம் என்பது இதுதான்: நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்து ஆண்டவர் முன் வைப்பது.

கல்லெறியப்பட்ட ஸ்தேவான் தம்மைக் கொல்பவர்களுக்காக மன்றாடினார் (திப 7:60). கல்லெறிந்தவர்களின் மேலாடைகள் சவுல் என்ற இளைஞரின் காலடியில் கிடந்தன. அந்தச் சவுலே பின்னாளில் பவுலானார். அந்த மன்றாட்டு இல்லாமல் பவுல் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார் என்று புனித அகுஸ்தீனார் தம் மறையுரையில் போதித்தார். தாய் மோனிக்காவின் பல ஆண்டுக் கண்ணீரால் மனம் மாறி, 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் திருமுழுக்குப் பெற்ற அவருக்கு இதைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தது.

இவர்கள் எல்லாருக்கும் மேலாக, இயேசுவே பேதுருவின் நம்பிக்கை தளராதிருக்க மன்றாடினார் (லூக் 22:32). இன்றும் அவர் தந்தையின் திருமுன் நமக்காகப் பரிந்து பேசுகிறார் (எபி 7:25). நாம் பிறருக்காக வேண்டும்போது அவருடைய செபத்தில்தான் பங்கு பெறுகிறோம். புனிதர்களின் பரிந்துரையை நாம் நாடுவதும் இந்த ஒரே உறவின் தொடர்ச்சியே.

ஞாயிறுதோறும் நமக்குள்ள பொறுப்பு

திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு வருகிறது. யாரோ வாசிக்க, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறாதவர்கள் அனுப்பிவைக்கப்பட்ட பிறகே இந்த மன்றாட்டு நடந்தது. திருமுழுக்கால் குருத்துவப் பங்கு பெற்றவர்களின் உரிமை அது. 2ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தினே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காலப்போக்கில் மறைந்துபோன இதனை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது.

திருச்சபைக்காக, நாட்டை ஆள்வோருக்காகவும் உலகுக்காகவும், துன்புறுவோருக்காக, நம் பங்குச் சமூகத்திற்காக என்பது அதன் வரிசை. நம் தேவை கடைசியில் வருகிறது. வீட்டுச் செபத்திலும் இந்த வரிசையைக் கடைப்பிடித்துப் பாருங்கள். நம் கவலைகளின் அளவே மாறிவிடும்.

கடவுளுக்குத் தெரியாதா?

'எல்லாம் அறிந்த கடவுளுக்கு நாம் ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும்?' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இதற்குப் புனித தோமா அக்குவினாஸ் தரும் விளக்கம் எளியது. கடவுளின் மனத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை. செபத்தின் வழியாகத் தருவதற்கு அவர் திருவுளம் கொண்டதைப் பெறுவதற்கே செபிக்கிறோம். மழையைத் தருபவர் கடவுள். ஆனாலும் உழவர் உழாமல் விளைச்சல் இல்லை. அதுபோல அவர் தம் அருளை நம் கைகள் வழியாகவும் நம் மன்றாட்டு வழியாகவும் தர விரும்புகிறார்.

கேட்டது கிடைக்காத வேளைகளும் உண்டு. மாதக்கணக்கில் செபித்தும் நோயாளி இறந்துவிடுகிறார். அப்போது 'உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை' என்று அந்தக் குடும்பத்தாரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். பவுலும் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டினார். அது நீங்கவில்லை, தாங்கும் அருள் கிடைத்தது (2 கொரி 12). கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவிடமிருந்தும் துன்பக் கிண்ணம் அகலவில்லை. இறந்தவருக்காகவும் நம் மன்றாட்டு தொடர்கிறது. கல்லறையோடு அது முடிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செபம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கிறது சீராக் நூல் (38ஆம் அதிகாரம்). 'செபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்' என்று சொல்பவரையும், செபத்துக்கு விலை பேசுபவரையும் நம்பாதீர்கள்.

யாருக்காக வேண்டத் தயங்குகிறோம்?

நம் பிள்ளைக்காக, நம் உறவினருக்காக வேண்டுவது எளிது. ஆனால் இயேசு நம்மைத் துன்புறுத்துவோருக்காகவும் வேண்டச் சொன்னார் (மத் 5:44). நம் தருமபுரியில் இதற்குப் பொருள் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் மக்களின் குடியிருப்புகள் தீக்கிரையாயின. சாதி நம் ஆலய வாசலோடு நின்றுவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. திருச்சபைக்கு உள்ளேயும் தீண்டாமை இருப்பதை 2016 டிசம்பரில் இந்திய ஆயர்களே தங்கள் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

'எங்கள் தெரு'வுக்காக மட்டும் ஏறெடுக்கும் செபம், இயேசு கற்பித்த செபம் ஆகாது. அவர் 'என் தந்தையே' என்றல்ல, 'எங்கள் தந்தையே' என்று அழைக்கச் சொன்னார். அடுத்த தெருவில் இருப்பவரைப் பெயர் சொல்லி ஒரு மாதம் தினமும் கடவுள் முன் நிறுத்திப் பாருங்கள். அவரை இழிவாகப் பேச நாக்கு கூசும். அவர் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. அவருக்கு அநீதி நடக்கும்போது வாய்மூடி நிற்கவும் முடியாது. நாம் யாருக்காக வேண்டுகிறோமோ, அவர் நமக்கு அந்நியராக நீடிக்க முடியாது. பிறருக்கான செபத்தின் முதல் புதுமை வேண்டுபவரின் உள்ளத்தில்தான் நிகழ்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெயர் சொல்லி வேண்டுவோம். புனித சவேரியார் தம் தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்களது கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம் நெஞ்சருகே அணிந்திருந்தார். நாமும் ஒரு சிறு நோட்டில் பெயர்களை எழுதி, இரவுச் செபத்தில் ஒருமுறை வாசிக்கலாம்.

'செபிக்கிறேன்' என்று வாக்களித்தால், அல்லது செல்பேசியில் பதில் அனுப்பினால், அந்த நொடியிலேயே ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிடுவோம். பிறகு என்றால் மறந்துவிடும்.

அன்பியக் கூட்டத்தில் செபக்கருத்து என்ற பெயரில் அடுத்த வீட்டு இரகசியத்தை வெளியிடாதிருப்போம். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னாலும் ஆண்டவருக்கு விளங்கும்.

வேலைக்காக வெளியூர் சென்று, ஞாயிறு திருப்பலிக்குக்கூட விடுப்பு கிடைக்காத நம் இளைஞர்களை ஒவ்வொரு குடும்பச் செபத்திலும் நினைவுகூர்வோம். வாரம் ஒருமுறை அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, 'உனக்காக வேண்டினோம்' என்றும் சொல்வோம். தனிமையில் வாடும் ஒருவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய துணை!

வேண்டியதோடு நின்றுவிடாமல் ஒரு செயலையும் சேர்ப்போம். நோயாளிக்காக வேண்டினால் ஒருநாள் அவரைப் போய்ப் பார்ப்போம். பசித்தவருக்காக வேண்டினால் ஒருபிடி அரிசி எடுத்து வைப்போம்.

அன்பார்ந்தவர்களே, அன்று வால்ஸ் நகரில் இளைஞர்கள் நம் மண்ணுக்காக முழந்தாளிட்டார்கள். இன்று முழந்தாளிட வேண்டிய முறை நம்முடையது. இன்றிரவு நீங்கள் தூங்கும் முன், இதுவரை யாருக்காக வேண்ட மனம் வரவில்லையோ, அவருடைய பெயரை ஒருமுறை ஆண்டவரிடம் சொல்லுங்கள். நம் அனைவருக்காகவும் பரிந்து பேசும் இயேசு அதைக் கேட்டருள்வாராக.