வெயில் தரும் வைட்டமின்

"வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்!" என்ற அறிவுரையைக் கேட்காத பெண் நம்மில் உண்டோ? விளையாட்டு வகுப்பிலும் நாங்கள் வேப்பமர நிழலைத்தான் தேடுகிறோம். ஆனால் நாம் அஞ்சி ஒதுங்கும் அந்த வெயில்தான் நமக்கு வைட்டமின் 'டி'யை அளிக்கிறது.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் இந்த வைட்டமினாக மாறுகிறது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள அது உதவுகிறது. அது குறைந்தால் குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துவிடும். இத்துறையில் ஆராய்ச்சி செய்த ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் வின்டவுஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

எலும்போடு இதன் பணி முடிந்துவிடுகிறதா? இரத்தத்தில் வைட்டமின் 'டி' குறைந்தவர்களிடம் மாரடைப்பும் நீரிழிவும் அதிகம் இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அப்படியானால் மாத்திரை விழுங்கி அந்நோய்களைத் தடுக்கலாமே! அமெரிக்காவில் 25,871 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் 'டி'; மறு பாதியினருக்கு அது இல்லாத வெறும் மாத்திரை. சுமார் ஐந்தாண்டுகள் கழித்து, 2018-இல் முடிவு வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன!

காரணம் என்ன? கோழி கூவுவதால் பொழுது விடிவதில்லை. உடல் பருத்தவர்களுக்கும், நோயுற்று வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் இவ்வைட்டமின் குறைவாகவே இருக்கும். அவர்களுக்கே இருதய நோயும் எளிதில் வரும். எனவே வைட்டமின் குறைவு நோய்க்குக் காரணமாக இல்லாமல், வெறும் அடையாளமாகவும் இருக்கலாம். மருத்துவரைக் கேளாமல் அளவுக்கு மீறி மாத்திரை உண்டால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் பழுதுபடவும் கூடும்.

இருதயத்திற்கு நலம் தருவது ஓட்டமும் ஆட்டமும் அளவான உணவுமே. எலும்புக்கோ வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குள் வரும் வெயில் இதற்குப் பயன்படாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்தில் சிறிது நேரம் வெளியே வரவேண்டும். நிறம் கறுத்தவர்களுக்கு இன்னும் சற்று அதிக நேரம் தேவை.

ஆகவே தோழியரே, எலும்புகள் உறுதிபெறும் இந்த வயதில், நிறத்துக்கு அஞ்சி நிழலில் ஒதுங்க வேண்டாம். பெற்றோரே, எங்களைச் சற்று வெயிலில் விளையாட விடுங்கள்!