மண்டலப் பட்டியல் சொல்லாத கணக்கு

2020 கோடையில் சென்னை மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரியான கொரோனா பட்டியலைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. முதல் இடத்தில் ராயபுரம், அடிவரிசையில் மணலி. மணலி மண்டலத்தைச் சேர்ந்த சடையங்குப்பத்தில் அதைப் பார்த்தவருக்கு, “நம்ம பக்கம் கம்மிதான்” என்று தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. ராயபுரத்துக்காரர் என்றாலே ஒதுங்கி நின்றதுதான் கொடுமை.

எத்தனை பேரில்?

பட்டியலில் இருந்த எண் பொய்யல்ல. ஆனால் ராயபுரம் நெருக்கியடித்து மக்கள் வாழும் இடம். மணலியில் ஆலைகளும் சதுப்பு நிலமும் கணிசமான இடத்தைப் பிடித்திருக்கின்றன. லட்சம் பேர் வாழும் இடத்தில் 500 பேருக்கும், பத்தாயிரம் பேர் வாழும் இடத்தில் 60 பேருக்கும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தலைப்புச் செய்தியில் வருவது 500தான். விகிதத்தில் கூடுதல் இரண்டாவது இடம். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். சோதனை குறைந்தால் எண்ணும் குறையும். தவிர, மணலியிலிருந்து காசிமேட்டுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போய் வருபவரை மண்டல எல்லை காப்பாற்றாது.

ஒரே நாளில் 518?

2020 ஜூலை 22 அன்று தமிழக அரசின் அறிக்கையில் 518 மரணங்கள் சேர்ந்தன. மொத்தம் 3,144 ஆனது. அந்த எண்ணை மட்டும் படித்தவர் பதறியிருப்பார். உண்மையில் அன்றைய கணக்கில் வந்தவை 74. மீதி 444, முந்தைய மாதங்களில் சென்னையில் நடந்து, மாநிலக் கணக்கில் விடுபட்டவை. மாநகராட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த குழு அவற்றைக் கண்டெடுத்தது. என்னைக் கேட்டால் 518ஐவிட அதற்கு முந்தைய நாள்களின் செய்திதான் பெரிய மோசம்: ஏழில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்த கணக்கை வைத்தே, “இறப்பு விகிதம் குறைவு” என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

‘இணைநோய் இருந்தது’

இறந்தவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் செய்தியில் அது தவறாமல் வந்தது. கேட்டவர்கள், எப்படியும் போகவேண்டிய உயிர் என்பதுபோல் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு இருபது, முப்பது வருடம் வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று கடுமையாகலாம். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஏரியா எண்ணைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் நடக்கும் மரணம்

உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டபடி, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவின் மிகை மரணங்கள், அதாவது வழக்கமாக எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக நடந்தவை, சுமார் 47 லட்சம். அரசுக் கணக்கில் கொரோனா மரணங்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. மதிப்பிட்ட முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. இந்தத் தகராறு தீர வேண்டுமானால் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்யுங்கள். கடைசியாகச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று கேளுங்கள். சட்டப்படி அதற்குக் கட்டணம் கிடையாது.