உரைகல்லும் ஓம நீரும்: குழந்தையின் வயிற்று வலிக்கு மருந்து எது?

பாறசாலை: பால் குடித்து நலமாக இருக்கும் பச்சிளங் குழந்தை, அந்தி வேளையில் கால்களை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது. களியக்காவிளையை அடுத்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் வீட்டு மூதாட்டிகள் இதற்குத் தேடும் மருந்து, உரைகல்லில் இழைத்த வசம்பு.

1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எனினும், பிள்ளை வளர்ப்பில் எல்லைக்கோடு இல்லை. தமிழில் வசம்பு, மலையாளத்தில் வயம்பு. பிள்ளை வளர்ப்பான் என்பது அதன் செல்லப் பெயர். கேரளத்தில் வயம்பையும் பொன்னையும் தேனில் உரைத்து நாவில் தடவுவது வழக்கம்.

இந்த வழக்கத்தில் இரு ஆபத்துகள் உள்ளன. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் முதலாவது. இந்திய வசம்பு எண்ணெய் கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் கட்டிகள் தோன்றியதை அடுத்து, உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-ல் தடை செய்தது. இரண்டாவது, தேன். அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், ஓராண்டு நிறையும் வரை தேன் கொடுக்கக் கூடாது.

கடைச் சரக்கும் கைகொடுப்பதில்லை

'கிரைப் வாட்டர்' 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்பவரால் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் மதுசாரமும் கலந்திருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும், அழுகையை அது தணிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வயிற்று வலிக்கான டைசைக்ளோமின் சொட்டு மருந்து மூச்சுத் திணறலை ஏற்படுத்தக்கூடும் என்பதால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது. இப்பருவத்தில் தாய்ப்பால் மட்டுமே போதும். ஓம நீரோ வெந்நீரோ கூடத் தேவையில்லை.

நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழுகை என்று இதற்கு 1954-ல் இலக்கணம் வகுத்தார் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெசல். பொதுவாக ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டும் இந்த அழுகை, மூன்று அல்லது நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்நேரத்தில் கொடுத்த மருந்துக்கே பெருமை சேர்ந்துவிடுகிறது.

இடைவெளியில் தவிக்கும் தாய்

மத்திய அரசின் 2011-ம் ஆண்டுத் திட்டப்படி, 'ஆஷா' பணியாளர்கள் பிறந்த குழந்தையை 42-வது நாள் வரை வீடு தேடிச் சென்று பார்க்கின்றனர். 2018-ல் தொடங்கப்பட்ட அடுத்த திட்டத்தின் முதல் வருகை மூன்றாம் மாதத்தில்தான். உச்சத்தை எட்டிய பின்னும் அழுகை நீடிக்கும் வாரங்கள் இவ்விரண்டுக்கும் இடையே விழுகின்றன. அப்போது தாய்க்குக் கிடைக்கும் ஆலோசனை, பெரும்பாலும் உரைகல்லைச் சுற்றியே அமைகிறது.

பாட்டி வைத்தியம் அனைத்தும் தள்ளத்தக்கதல்ல. தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல், உருக்கு எண்ணெயை வயிற்றில் மெல்லத் தடவுதல், இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டுதல், மார்போடு அணைத்துத் தாலாட்டுதல் ஆகியவற்றால் தீங்கில்லை. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். சோர்ந்த தாய் சற்று ஓய்வு பெற, வீட்டில் உள்ள மற்றவர்கள் குழந்தையை ஏந்துவதே உற்ற உதவி.

காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு உப்பி இறுகுதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது வெறும் வயிற்று வலி அன்று. உரைகல்லைத் தேடாமல், பாறசாலை வட்ட மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்வது உயிர் காக்கும்.