யாரும் கவனிக்காத மணி

நேரலையில் பேசிக்கொண்டிருப்போம். தொலைபேசி விளக்கு மின்னும். எடுத்தால் மறுமுனையில் ஆளே இருக்காது. வைத்த மறுகணம் மீண்டும் மின்னும். ஒருமுறை என்றால் பரவாயில்லை. ஓயாமல் மின்னினால் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது?

உங்கள் கணினிக்கும் இந்தத் தொல்லை உண்டு. விசைப்பலகையைத் தட்டினாலோ, இணையத்திலிருந்து தகவல் வந்தாலோ, அந்தச் சாதனம் செயலிக்கு ஒரு மணி அடிக்கிறது. இதற்கு 'இண்டரப்ட்' என்று பெயர், தமிழில் குறுக்கீடு. மணி கேட்டதும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும்.

பல சாதனங்கள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்போது கெர்னல், ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் டிரைவர் மென்பொருளிடம் "மணி அடித்தது உன் ஆளா?" என்று விசாரிக்கும். பழுதான சாதனம் ஒன்று மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டால், எல்லா டிரைவர்களும் "என் ஆள் இல்லை" என்று கைவிரித்துவிடும். கெர்னல் வேலைக்குத் திரும்புவதற்குள் அடுத்த மணி. திரை அப்படியே உறைந்துவிடும். கணினியை அணைப்பதைத் தவிர வழியில்லை. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய அறிக்கையைச் சேமிக்காமல் விட்டிருந்தால், அதுவும் போச்சு!

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இதற்கு ஒரு நிதானமான வழி வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு மணியையும் எண்ணுகிறது. 1,00,000 முறை அடித்ததில் 99,900க்கும் மேற்பட்டவை யாரும் உரிமை கோராதவை என்றால், அந்த இணைப்பையே துண்டித்துவிடும். 'யாரும் கவனிக்கவில்லை' என்ற பொருளில் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதிவைக்கும்.

ஏன் இவ்வளவு பொறுமை? நல்ல கணினியிலும் உரிமையாளர் இல்லாத மணி ஒன்றிரண்டு அடிப்பது வழக்கம்தான். அதற்கெல்லாம் இணைப்பைத் துண்டித்தால் ஒழுங்காக வேலை செய்யும் சாதனமும் முடங்கிவிடும்.

துண்டித்த பிறகும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. அதே மணியை நம்பியிருந்த வேறு நல்ல சாதனத்தின் கதி? அதையும் லினக்ஸ் கைவிடுவதில்லை. மணிக்குக் காத்திராமல், நொடிக்குப் பத்து முறை தானே போய் "ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று எட்டிப் பார்க்கும். வேகம் குறையும், டச்பேடில் விரலை வைத்தால் சுட்டி தாவித் தாவி நகரலாம். ஆனால் கணினி ஓடும், உங்கள் அறிக்கையைச் சேமித்துக்கொள்ளலாம்.

ஆகவே, லினக்ஸ் மடிக்கணினி திடீரென்று இப்படித் தடுமாறினால், உடனே புதியது வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். பிறகு 'டிமெசெக்' கட்டளையைக் கொடுத்துப் பதிவேட்டைப் பாருங்கள். அந்த வரி இருந்தால், பயாஸையும் கெர்னலையும் புதுப்பித்துப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். அப்படியும் சரியாகவில்லை என்றால், பழுதுபார்ப்பவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். எந்த இணைப்பில் தேட வேண்டும் என்பதைக் கணினியே எழுதிவைத்திருக்கிறதே!